பொட்டு வைத்த துப்பாக்கி

அன்புள்ள அருணுக்கு, அப்பா எழுதுவது.

நலம், நலமறிய ஆவல் என்று தொடங்கத்தான் உட்கார்ந்தேன். நலம் என்று எழுதினால் அது பொய். நலமில்லை என்று எழுதினால் நீ உடனே போன் செய்து, "பிரஷரா, சுகரா?" என்று கேட்பாய். இரண்டும் இருக்கிறது, இரண்டுக்கும் மாத்திரையும் இருக்கிறது. விஷயம் அதுவல்ல. போனிலேயே பேசலாமே, இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள் என்று நீ சிரிப்பாய். போனில் நாம் பேசுகிற அழகு உனக்கே தெரியும். நான் பாதி சொல்வதற்குள் நீ "ஐ நோ, ப்பா" என்பாய், எனக்கு மீதிப் பாதி மறந்துபோகும். அம்மா ரிசீவரைப் பிடுங்கிக்கொண்டு ரவா தோசைக்கு என்ன அளவு என்று ஆரம்பித்துவிடுவாள். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. கல்யாணத்துக்கு முன்னால் ஒரே ஒரு தடவை என்னை முழுசாகப் பேச விடு.

போன வாரம் வித்யா எனக்குப் போன் செய்தாள். வீட்டு நம்பருக்கு இல்லை, ஆபீஸ் மொபைலுக்கு. "மாமா, அத்தை பக்கத்துல இல்லையே?" என்று கேட்டாள். முகூர்த்தப் புடவை நிறத்தில் ஏதோ தகராறு, அம்மாவிடம் சொல்லப் பயப்படுகிறாள் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே, "சொல்லும்மா" என்றேன். சைட்டுக்குப் போகும் வேன் கீழே ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. ஹாரன் ஓயும் வரை காத்திருந்தாள். அப்புறம் சொன்னாள். "மாமா, அவர் கார்ல துப்பாக்கி வச்சிருக்கார். வெப்கேம்ல எடுத்துக் காட்டினார், புது ஷூ வாங்கினா காட்டற மாதிரி. எனக்குப் பயமா இருக்குன்னேன். பழகிடும்ங்கிறார். எங்க அப்பாகிட்ட சொன்னா அன்னிக்கே பத்திரிகையக் கிழிச்சுப் போட்டுடுவார். சொல்லாம வந்து அந்தக் கார்ல ஏறி உக்காரவும் எனக்குத் தைரியம் இல்ல. நீங்க என்ன சொல்றீங்களோ அதைச் செய்யறேன்."

நீங்க என்ன சொல்றீங்களோ அதைச் செய்யறேன். ஒரு பெண் வருங்கால மாமனாரிடம் இப்படிச் சொன்னால் அவனுக்குப் பெருமையாக இருக்க வேண்டும். எனக்கு அந்தப் பெருமை வரவில்லை. அப்பாவிடம் சொல் என்றால் உன் கல்யாணம் நின்றுபோகும். திருச்சியில் மண்டபம் பேசியாகிவிட்டது, உன் அம்மா சொந்தக்காரர்கள் ஒருவர் விடாமல் போன் செய்து சொல்லிவிட்டாள். சொல்லாதே என்றால், பெற்ற அப்பாவிடமே மறைக்கச் சொல்லி அந்தப் பெண்ணை உன் வீட்டுக்கு அழைத்து வருகிறவன் நானாகிறேன். "யோசிச்சு சொல்றேம்மா" என்று வைத்துவிட்டேன். உன் அம்மாவுக்கு இன்னும் தெரியாது. அவள் பாட்டுக்கு உனக்குப் பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல் என்று டப்பா டப்பாவாக நிரப்பிக்கொண்டிருக்கிறாள். பக்கத்தில் உட்கார்ந்து மூடி போட்டுக் கொடுக்கிறேன், முகத்தைப் பார்க்க முடியவில்லை. மெல்லவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் என்பார்களே, அதுதான் இந்த ஒரு வாரமாக என் சாப்பாடு.

வித்யா பேசிய மறுநாள் உன்னைக் கூப்பிட்டேன், ஞாபகம் இருக்கிறதா? நீ ஒளிக்கவில்லை. அதற்காக உன்னைப் பாராட்டத்தான் வேண்டும். "ஆமாப்பா, வாங்கியிருக்கேன். இங்க கார்ல வச்சுக்க எந்த பெர்மிட்டும் வேண்டாம். இடுப்புல மறைச்சு வச்சுக்கத்தான் பெர்மிட் கேக்கறாங்க. அதையும் எடுத்துடணும்னு சட்டசபைல பேசறாங்க. எடுக்கட்டும். அது வரைக்கும் கார்லயே இருக்கும்," என்றாய். பெர்மிட் கொடுக்கிறார்கள் என்றால் போய் வாங்கிக்கொள்ளேன் என்று கேட்டேன். அப்போது நீ சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "உங்கள மாதிரி வாழ்நாள் பூரா ஒரு பேப்பருக்காக எவன் முன்னாடியும் கைகட்டி நிக்க மாட்டேன்ப்பா. இனிமே என் லைஃப்ல பெர்மிட் க்யூவே கிடையாது."

கோபம் வரவில்லை. நீ சொன்னது உண்மை, அதனால்தான் வலித்தது. இந்த அல் கோபாரில் நான் கைகட்டி நிற்காத கவுண்டர் எது? இருக்க ஒரு அட்டை, அது இகாமா. ஊருக்குப் போய்த் திரும்ப ஒரு முத்திரை. உன்னையும் அம்மாவையும் இங்கே அழைத்துவர ஒரு தாள், பக்கத்து மாகாணத்துக்குப் போக இன்னொன்று. பாஸ்போர்ட் கம்பெனி அலமாரியில் தூங்கும், நாம் வெளியே விழித்திருப்போம். அனுமதிச் சீட்டுக்கு அரபியில் தஸ்ரீஹ் என்று பெயர். வீட்டில் அந்த வார்த்தை அடிபட்டு அடிபட்டு, உனக்கு ஆறு வயதில் உன் ரூமுக்குள் நான் வந்தால் கையை நீட்டி, "வைன் தஸ்ரீஹ்?" என்று கேட்பாய். அனுமதி எங்கே என்று அர்த்தம். ஒரு மிட்டாய் கொடுத்தால் உள்ளே விடுவாய். அன்று விழுந்து விழுந்து சிரித்தோம். என் அப்பா செத்தபோது முத்திரை விழவில்லை. கையெழுத்துப் போட வேண்டியவர் ரியாத் போயிருந்தார். கருமாதிக்குத்தான் போய்ச் சேர்ந்தேன். முத்திரை குத்துகிற ஒவ்வொருவனையும் மனதுக்குள் வண்டை வண்டையாகத் திட்டியவன் நான். அப்படிப்பட்டவன் இன்று உன்னிடம் ஒரு முத்திரைக்காகக் கெஞ்சுகிறேன். எனக்கே வேடிக்கையாகத்தான் இருக்கிறது.

ஆனால் துப்பாக்கி விஷயத்தில் நீயும் நானும் ஒரே நாளைத்தான் மனதில் வைத்துக்கொண்டு பேசுகிறோம். அந்த நாளை நீ பின்சீட்டிலிருந்து பார்த்தாய். நான் பார்த்த இடத்திலிருந்து அதைச் சொல்கிறேன், கேள்.

குவைத்தை ஈராக் பிடித்த வருடம் அது. உனக்குப் பத்து வயது. எங்கே பார்த்தாலும் ராணுவ வண்டி, ரோட்டுக்கு ரோடு செக் போஸ்ட். ஜன்னலுக்கெல்லாம் டேப் ஒட்டினோம். பலர் குடும்பத்தை ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். நானும் கேட்டேன். என்னை இங்கே வேலைக்கு எடுத்த முதலாளி, என் கஃபீல் அபு நாசர், "கொஞ்சம் பொறு, எல்லாரும் போனால் வேலையை யார் பார்ப்பது? உன் குடும்பம் என் குடும்பம்," என்று சொல்லிவிட்டார். அவர் கையெழுத்தில்லாமல் நாம் நகர முடியாது. கெட்ட மனிதர் இல்லை அவர், உனக்குத் தெரியும். பெருநாளைக்கு உனக்குச் சட்டை எடுத்துக் கொடுப்பார், அம்மாவை 'சிஸ்டர்' என்றுதான் கூப்பிடுவார். ஒருநாள் ஆபீஸில் கதவைச் சாத்திவிட்டு மேஜை டிராயரைத் திறந்து ஒரு பிஸ்டலை எடுத்து என் கையில் வைத்தார். காரில் வைத்துக்கொள், காலம் சரியில்லை, மனைவி குழந்தை இருக்கிறார்கள் என்றார். "எனக்கு பெர்மிட் இல்லையே, ஸார். வெளிநாட்டுக்காரன் நான்," என்றேன். அவர் கடகடவென்று சிரித்தார். "பிஸ்டல் என்னுது. பேப்பர் என்னுது. நீயும் என் ஆளு. மாஃபி முஷ்கிலா," என்றார்.

ஒரு பிரச்சினையும் இல்லையாம். அன்பாகக் கொடுப்பதை வாங்க மாட்டேன் என்று கஃபீலிடம் சொல்ல முடியாது. அது அவமானப்படுத்துவது. வாங்கினேன். மேஜை துடைக்கிற மஞ்சள் துணியில் சுற்றி டிரைவர் சீட்டுக்குக் கீழே வைத்தேன். அன்றிலிருந்து ஒரு நாள் நிம்மதியாக வண்டி ஓட்டியதில்லை. திருப்பிக் கொடுக்க முடியாது, தூக்கிப் போட முடியாது, வீட்டுக்குள் கொண்டுவர முடியாது, ஏனென்றால் வீட்டில் நீ இருந்தாய். தூரத்தில் செக் போஸ்ட்டைப் பார்த்தாலே வேறு ரோட்டில் திருப்பிவிடுவேன். பாதுகாப்புக்கு என்று கொடுத்த பொருளிடமிருந்து உங்களைப் பாதுகாப்பதே எனக்கு முழுநேர வேலையாகிவிட்டது. உன் அம்மாவிடம் சொல்லவில்லை.

அந்தச் சமயத்தில் ஆயுத பூஜை வந்தது. இங்கே நாம் பூஜை செய்கிற அழகுதான் உனக்குத் தெரியுமே. திரையை இழுத்து மூடி, மணியின் நாக்கில் பஞ்சைச் சுற்றி, சூடம் ஏற்றியதும் வாசம் வெளியே போகாமல் கதவிடுக்கில் துண்டைச் செருகி. கத்திரிக்கோல், ஸ்க்ரூ டிரைவர், மிக்ஸி, உன் ஜாமெட்ரி பாக்ஸ் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம். காருக்கு மட்டும் வெளியே தெரியாமல், ஸ்டியரிங்குக்குப் பின்னால் சின்னதாக ஒரு பொட்டு. காரைத் துடைத்துப் பொட்டு வைப்பது அம்மாவின் வேலை. அன்று மத்தியானம் நான் குளித்துக்கொண்டிருந்தபோது சாவியை எடுத்துக்கொண்டு கீழே போயிருக்கிறாள். சீட்டுக்கு அடியில் கையை விட்டுத் துடைத்திருக்கிறாள். மஞ்சள் துணி கையில் தட்டியிருக்கிறது.

வேறு எந்த ஊர்ப் பொம்பளையாக இருந்தாலும் அலறியிருப்பாள், இல்லை மேலே வந்து என் சட்டையைப் பிடித்திருப்பாள். உன் அம்மா என்ன செய்தாள் தெரியுமா? அதற்கும் சந்தனம் குங்குமம் வைத்தாள். வைத்து, மறுபடி துணியில் சுற்றி, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு மேலே வந்து எனக்குச் சுண்டல் போட்டுக் கொடுத்தாள். "ஏண்டி, அதுக்குப் போயா?" என்று பின்னால் ஒருநாள் கேட்டேன். "வருஷா வருஷம் கத்திரிக்கோலுக்கும் அருவாமணைக்கும் வக்கிறோம். ஆயுத பூஜையன்னிக்கு நெஜ ஆயுதம் ஒண்ணு வீட்டுக்கு வந்திருக்கு. அத மட்டும் விட்டா சாமி என்ன நெனைக்கும்? நீங்கதான் எங்கிட்ட சொல்லல, சாமிகிட்டயாவது ஒரு வார்த்த சொல்லி வப்போம்னு வச்சேன்," என்றாள். உன் அம்மாவின் கணக்கே தனி.

சாயங்காலம் டயருக்கு எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றி, வழக்கம்போல் ஒரு சுற்றுப் போய்வரலாம் என்று கடற்கரைப் பக்கம் கிளம்பினோம். திருப்பத்தில் புதிதாக ஒரு செக் போஸ்ட். இகாமாவை நீட்டினேன். ராணுவக்காரன் பொடியன், மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை. அவன் இகாமாவைப் பார்க்கவில்லை, என் கையைப் பார்த்தான். ஸ்டியரிங்கில் அம்மா வைத்த குங்குமம் வெயிலுக்கு இளகி என் உள்ளங்கை முழுக்கச் சிவப்பு. "ஏஷ் ஹாதா?" என்றான். இது என்ன என்று கேட்கிறான். குங்குமம் என்றால் பூஜை என்று சொல்ல வேண்டும். பூஜை என்று இந்த ஊரில் ரோட்டில் நின்று எப்படிச் சொல்வது? "கலர், கலர்" என்று உளறினேன். இறங்கு என்று கத்தினான். சீட்டுக்கு அடியில் கையை விட்டான். மஞ்சள் துணி வெளியே வந்தது, அதில் சிவப்புக் கறை. பிரித்தால் பிஸ்டல், அதன் பிடியில் சந்தனமும் குங்குமமும் குழைந்து வழிந்து, பார்த்தவன் எவனும் ரத்தம் என்றுதான் சொல்லுவான். அவனும் அதையேதான் சொன்னான். "தம்! தம்!"

அப்புறம் நடந்தது நீ பார்த்தது. என்னைக் குப்புறத் தள்ளி முதுகில் முழங்காலை வைத்தார்கள். கன்னம் தாரில் சுட்டது. ஆனால் அந்த நேரம் எனக்கு எது உயிரை எடுத்தது தெரியுமா? யார் கேட்டாலும் இகாமா காப்பியை எடுத்துக் காட்டு என்று உனக்குப் பாடம் சொல்லி வைத்திருந்தேன் அல்லவா? நீ பின்சீட்டில் சமர்த்தாக உன் பையில் கையை விட்டாய். அந்தப் பொடியன் திரும்பினான். அவன் துப்பாக்கி உன் முகத்துக்கு நேரே இருந்தது. அவன் கை நடுங்கியது, அருண். அது உனக்குத் தெரிந்திருக்காது. கீழே கிடந்த எனக்குத் தெரிந்தது. "கைய எடுரா!" என்று கத்தினேன், அவனுக்குத் தமிழ் புரியாது, நான் கத்தக் கத்த அவனுக்குப் பயம் அதிகமாகியது. பெற்ற பிள்ளையை எச்சரிக்க வாயைத் திறந்தாலும் ஆபத்து, மூடினாலும் ஆபத்து. அப்படி ஒரு நிலைமை என் எதிரிக்கும் வேண்டாம்.

உன் அம்மாதான் கதவைத் திறந்து இறங்கினாள். கறுப்பு அபாயாவுக்குள்ளிருந்து குங்குமச் சிமிழை எடுத்தாள். எதுவும் பேசாமல் தன் உள்ளங்கையில் கொட்டித் தேய்த்து அவனுக்கு முன்னால் நீட்டினாள். வயதான இன்னொரு ராணுவக்காரர் வந்து மோந்து பார்த்தார். "ஹென்னா?" என்று கேட்டார். மருதாணியா என்று கேட்கிறார். அம்மாவுக்குக் கடையில் சாமான் வாங்குகிற அரபிதான் தெரியும், அதில் அந்த வார்த்தை இருந்தது. "ஹென்னா, ஹென்னா" என்று தலையை ஆட்டினாள். பெரியவர் பிஸ்டலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "அரூஸ்!" என்றார். மருதாணி வைத்த துப்பாக்கி, கல்யாணப் பெண்ணாம். பொடியனும் சிரித்தான். அப்போதுதான் அவன் துப்பாக்கி தாழ்ந்தது. சிரிப்பெல்லாம் அடங்கியதும் பெரியவர் என்னைத் தூக்கி நிறுத்தி, மரியாதையாகவே கேட்டார். "வைன் தஸ்ரீஹ்?"

அவர் கேட்டதில் ஒரு தப்பும் இல்லை. அது எப்படி நம் காருக்குள் வந்தது என்று ஒரு மாதமாக யாருமே கேட்காததுதான் தப்பு.

உங்கள் இருவரையும் கம்பெனி டிரைவர் வந்து அழைத்துப் போனான். எனக்கு என்ன ஆயிற்று என்று உனக்கு நான் சொன்னதே இல்லை. லாக்கப்பில் பரமக்குடிப் பக்கத்து ஆள் ஒருவன் இருந்தான். ஆட்டுப் பண்ணையில் வேலை. ஓநாய் வருகிறது என்று அவன் கஃபீல் அவனிடம் ஒரு நீளத் துப்பாக்கியைக் கொடுத்திருக்கிறார். "வீட்ல கொண்டாந்து குடுறான்னு சொல்லி விட்டாருண்ணே. வண்டி கெடையாது. தோள்ல போட்டுக்கிட்டு ரோட்டோரமா நடந்து வந்தேன், புடிச்சுட்டாய்ங்க," என்றான். பேப்பர் எங்கே என்று கேட்டேன். "அது அவரு பையில இருக்குண்ணே," என்றான். அபு நாசர் தாளை எடுத்துக்கொண்டு வந்து, அதிகாரியோடு ஒரு டீ குடித்து, என்னை வெளியே எடுத்துவிட்டார். அவனுக்காகவும் ஒரு வார்த்தை சொல்லுங்களேன் என்று கேட்டேன். "அவனுக்கு ஒரு கஃபீல் இருக்கிறார். அவன் என் ஆள் இல்லை," என்றார். நான் வண்டியில் ஏறிவிட்டேன். "எங்க கஃபீல் வந்துருவாருல்லண்ணே?" என்று அவன் என்னைக் கேட்டதற்கு, வந்துருவார் என்று சொல்லிவிட்டு வந்தேன். வந்தாரா என்று தெரியாது.

நீ காலேஜ் படிக்கும்போது ஒருநாள் அந்தச் சாயங்காலத்தைப் பற்றிப் பேசினாய். "நீங்க ரோட்ல கிடந்தீங்கப்பா. துப்பாக்கி எவன் கைல இருக்கோ அவன்தான் நிக்கறான்னு அன்னிக்குப் புரிஞ்சுது," என்றாய். நான் பதில் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். துப்பாக்கி நம் பக்கமும்தான் இருந்தது, கண்ணா. அது நம் காரில் இருந்ததால்தான் உன் முகத்துக்கு நேரே இன்னொன்று வந்தது. வெறும் குங்குமக் கையோடு மாட்டியிருந்தால் நாலு கேள்வி கேட்டு விட்டிருப்பான். நீ அன்று தாரில் கிடந்த அப்பனைப் பார்த்தாய், பாவம், அதற்கு மேல் பத்து வயதுக்கு என்ன தெரியும்?

உன் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. உன் ரூம்மேட்டை பார்க்கிங்கில் மடக்கிப் பர்ஸைப் பிடுங்கியதை நீ சொன்னபோது எனக்கும் தூக்கம் போயிற்று. பயத்தில் வாங்கினாய். பயப்படுகிறவனைக் கிண்டல் செய்கிற யோக்கியதை எனக்கு இல்லை. ஆனால் பெர்மிட்டே வேண்டாம் என்கிறாயே, அங்கேதான் எனக்கு உதைக்கிறது. இந்த ஊரில் நான் வாங்கிய தாள்களெல்லாம் என்னைக் கட்டிப்போடுவதற்கு. இருக்கலாமா, போகலாமா, பெண்டாட்டியோடு வாழலாமா என்று எவனோ சொல்வதற்கு. அதையும் துப்பாக்கித் தாளையும் ஒரே தராசில் வைக்காதே. நான் மூச்சு விட்டால் பக்கத்து வீட்டுக்காரன் சாக மாட்டான். துப்பாக்கி அப்படியா? அதை இடுப்பில் வைத்துக்கொண்டு நாலு பேர் நடக்கிற தெருவில் இறங்குகிறவனிடம், அந்த நாலு பேர் சார்பில் ஒருவர் நாலு கேள்வி கேட்பதில் என்ன அடிமைத்தனம்? உனக்கு இதைக் கையாளத் தெரியுமா? வீட்டில் குழந்தை இருக்கிறதா? உனக்குக் கோபம் வருமா? அன்று அபு நாசரின் அறையில் யாராவது என்னை இப்படிக் கேட்டிருந்தால் நான் பெயிலாகியிருப்பேன். சந்தோஷமாகப் பெயிலாகியிருப்பேன்.

தாளும் எவன் கையில் துப்பாக்கியோ அவன் பெயரில் இருக்க வேண்டும். முதலாளி பையில் தாள், ஆட்டுக்காரன் தோளில் துப்பாக்கி என்று இருந்தால் பரமக்குடிக்காரன் கதிதான். தாளே வேண்டாம் என்று எடுத்துவிட்டாலும் அதே கதிதான், யோசித்துப் பார். ராணுவப் பெரியவர் என்னைக் கேட்டாரே, அப்படிக் கேட்க அவரிடம் ஒரு வார்த்தையாவது இருந்தது. உன் ஊரில் நாளைக்கு ஒரு போலீஸ்காரன் உன் கார் ஜன்னலில் குனிகிறான், டேஷ்போர்டில் பிஸ்டல் இருக்கிறது. பெர்மிட் என்று ஒன்று இருந்தால் அவன் பெர்மிட்டைப் பார்ப்பான். இல்லையென்றால் எதைப் பார்ப்பான்? உன் முகத்தைப் பார்ப்பான். உன் நிறம், உன் தாடி, நீ பேசுகிற இங்கிலீஷ். இந்தக் காலத்தில் அங்கே ஏர்போர்ட்டில் உன்னை மட்டும் எத்தனை தடவை தனியாகக் கூட்டிப்போனார்கள் என்று நீதானே சொன்னாய்? அவனும் மீசை முளைக்காத பொடியனாக இருந்து, அவன் கையும் நடுங்கினால்?

இன்னொன்று. உனக்குக் கோபம் வரும். என் கோபம்தான் உனக்கு வந்திருக்கிறது, கடையில் வாங்கியதில்லை. இந்தியா மேட்ச்சில் தோற்றதற்கு நீ தட்டை விட்டெறிந்து, சாம்பார் சுவரில் வழிந்தது இந்த வீட்டில்தான். போன மாதம் கார் ஓட்டிக்கொண்டே என்னோடு பேசினாய், எவனோ குறுக்கே வந்துவிட்டான். அவனைத் துரத்திக்கொண்டே போய்த் திட்டினாய், நான் இந்தப் பக்கம் "விட்றா, விட்றா" என்று கத்திக்கொண்டிருந்தேன். அப்போது அது காரில் இருந்திருக்கிறது. இதை நினைத்ததிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

தூக்கிப் போடு என்று நான் சொன்னால் நீ கேட்கப் போவதில்லை. இருபத்தெட்டு வயதுப் பிள்ளைக்கு அப்பன் பேச்சு பழைய பஞ்சாங்கம். சட்டம் பெர்மிட்டை எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் நீயாகப் போய் அந்த க்யூவில் நில் என்றுதான் கேட்கிறேன். பயிற்சி கொடுக்கிறார்களாமே, அங்கே போய் உட்கார். அவர்கள் கேட்கிற கேள்விக்குப் பதில் சொல். பதில் சொல்ல முடியாத கேள்வி ஏதாவது வந்தால், அன்று வீட்டுக்கு வந்து யோசி. கைகட்டி நின்றால் மானம் போய்விடாது. நான் நின்றேன், என் மானம் எனக்குத் தெரிந்த வரையில் பத்திரமாகத்தான் இருக்கிறது.

வித்யாவுக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. அவள் தினமும் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள் என்று தெரிந்தும் ஒரு வாரம் ஓட்டினேன். உன் அம்மா மாதிரி அவளும் ஒருநாள் சீட்டுக்கு அடியில் கையை விட்டுத் தெரிந்துகொள்ளவில்லை, நீயே காட்டினாய். அதனால் அவளுக்கு ஒரு கேள்வி கேட்க முடிந்தது. என்னிடம் அல்லவா கேட்டுவிட்டாள்? கல்யாணம் நிற்காமல் இருக்க ஒரு பொய் சொல்லு, ஒரே ஒரு பொய்தானே என்று மனது கெஞ்சியது. 'சும்மா விளையாட்டுக்கு வச்சிருப்பான்மா, நான் எடுத்துடச் சொல்றேன்' என்று சொல்வதற்குப் பேச்சுக்கூட ஒத்திகை பார்த்தேன். லாக்கப்பில் ஒருவனிடம் வந்துருவார் என்று சொல்லிவிட்டு வண்டி ஏறியவன் நான். அது போதும் ஒரு ஆயுசுக்கு.

இன்று காலை அவளைக் கூப்பிட்டேன். "வித்யா, உங்கப்பாகிட்ட எல்லாத்தையும் சொல்லும்மா. மறைச்சு வக்க வேண்டாம். அவர் நிறுத்தினா நிறுத்தட்டும். நீ வேண்டாம்னு சொன்னாலும் உன் மேல எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. யார் கேட்டாலும் மாமாதான் சொல்லச் சொன்னார்னு சொல்லு," என்றேன். அவள் அழுதாள். அப்புறம், "நீங்க அவருக்கு எதிரா பேசறீங்களே மாமா," என்றாள். இல்லம்மா என்றேன்.

எதிராகப் பேசவில்லை, அருண். அன்று உனக்கும் அந்தத் துப்பாக்கிக்கும் நடுவில் எழுந்து வந்து நிற்க என்னால் முடியவில்லை. இன்று அவளுக்கும் உன் துப்பாக்கிக்கும் நடுவில் நிற்க முடிகிறது, அதனால் நிற்கிறேன். கல்யாணம் போனாலும் சரி, நீ என்னோடு பேசாமல் போனாலும் சரி. உன் அம்மாவிடம் இந்தக் கடிதத்தைத் தபாலில் போட்டுவிட்டு வந்து சொல்லப் போகிறேன்.

இது உன் கைக்கு வருவதற்கு முன்னால் வித்யாவின் அப்பா உன்னைக் கூப்பிடுவார். சத்தம் போடுவார். கேட்கக் கூடாததெல்லாம் கேட்பார். பெண்ணைப் பெற்றவர், கேட்கட்டும். போனை எடு, எல்லாவற்றுக்கும் பதில் சொல்.

அப்பா